கடலுக்கே மூச்சு முட்டினா சிப்பி என்ன பண்ணும்? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்ட கேள்விகள்

போன இதழ்ல "கடல் தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சுக்கிட்டே வருது, மீனாவது நீந்தித் தப்பிச்சுக்கும், சிப்பியும் மட்டியும் எங்க போகும்"னு நாலே வரி எழுதியிருந்தேன். அதுக்கு கடலே இல்லாத நம்ம ரெண்டு மாவட்டத்துல இருந்து இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்லைங்க, மனசு நிறைஞ்சு போச்சு. புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை: மட்டின்னா சிப்பி மாதிரியே ரெண்டு ஓட்டுக்குள்ள வாழுற உயிர். நான் காரிமங்கலம் பக்கத்துக்காரன், 11 வருஷம் கடலோரத்துல இறால் பண்ணையில டெக்னீஷியனா இருந்துட்டு ஊர் திரும்பினவன். தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா என்ன நடக்கும்னு ராத்திரி ராத்திரியா குளத்து மேட்டுல நின்னு பாத்திருக்கேன், அதனாலதான் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது.

கேள்வி: தண்ணின்னாலே எச்2ஓ, அதுலயே ஆக்சிஜன் இருக்குதே. அப்புறம் தண்ணியில ஆக்சிஜன் குறையுதுன்னா என்னங்க அர்த்தம்? எட்டாவது படிக்கிற என் பொண்ணு கேட்டா, எனக்கு பதில் சொல்ல வரல.
– ஒரு அம்மா, தருமபுரி

பாப்பா சரியான இடத்துல புடிச்சிருக்கு. நாளைக்கு களிக்கு உலை வைக்கிறப்ப அவளை பக்கத்துல நிக்க வைங்கக்கா. தண்ணி கொதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி, இன்னும் கை வைக்கிற சூட்டுல இருக்கும்போதே, குண்டான் உள்பக்கத்துல கடுகு கடுகா குமிழி ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் ஒண்ணொண்ணா பிச்சுக்கிட்டு மேல வரும். அது ஆவி இல்ல, தண்ணிக்குள்ள கரைஞ்சிருந்த காத்து. தண்ணி சூடாக ஆக அந்தக் காத்தைப் புடிச்சு வெச்சுக்க முடியாம வெளிய விடுது. மீன், இறால், சிப்பி எல்லாம் செவுள்ல இழுக்கிறது இந்தக் கரைஞ்ச ஆக்சிஜனைத்தான். எச்2ஓ-வுல இருக்கிற ஆக்சிஜன் ஹைட்ரஜனோட இறுகப் புடிச்சுக்கிட்டு இருக்குது, அதைப் பிரிச்செடுக்க எந்த செவுளாலயும் முடியாது.

கணக்கு பாத்தா இன்னும் புரியும். நாம இழுக்கிற காத்துல லிட்டருக்கு 270 மில்லிகிராம் பக்கம் ஆக்சிஜன் இருக்கு, நம்ம பக்கத்து கடல் தண்ணியில நல்லா கலந்து நிறைஞ்சிருந்தாலும் லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான். நல்ல தண்ணியா இருந்தா 0 டிகிரியில 14 மில்லிகிராமுக்கு மேல தாங்கும், 30 டிகிரியில ஏழரைதான். அதாவது தண்ணிக்குள்ள வாழுற உயிருங்க எப்பவுமே கைக்கும் வாய்க்குமாத்தான் மூச்சு விடுதுங்க, கடல் கொஞ்சம் சூடாச்சுன்னா அந்தக் கொஞ்சத்துலயும் கை வைக்குது. இன்னொண்ணும் இருக்கு, மேல் தண்ணி சூடானா லேசாயி, ஆறின கஞ்சி மேல ஆடை மாதிரி மேலயே நின்னுக்கும், கீழ இருக்கிற குளிர்ந்த தண்ணியோட கலக்காது, அப்ப காத்துல இருந்து எடுத்த ஆக்சிஜன் அடிக்கு இறங்குறது நின்னு போகுது. 1960ல இருந்து உலகக் கடல் மொத்தமும் சேத்து சுமார் 2 சதவீதம் ஆக்சிஜனை இழந்திருக்கு. ரெண்டுதானேன்னு தோணும், ஆனா அது எல்லா இடத்துலயும் சமமா குறையல, சில இடத்துல ஒண்ணுமே ஆகல, சில இடத்துல சுத்தமா தீந்தே போச்சு. நம்ம அரபிக்கடல்ல 150, 200 மீட்டர் ஆழத்துல ஆரம்பிச்சு ஆயிரம் மீட்டர் வரைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத ஒரு தண்ணி அடுக்கு காலங்காலமா இருக்கு, உலகத்துலயே ரொம்ப தடிமனானதுல அதுவும் ஒண்ணு. தென்மேற்கு பருவமழை சமயத்துல அந்த ஆழத்து தண்ணி மேற்குக் கரை ஓரம் ஏறி வருது, கோவா, கர்நாடகா பக்கம் கடலோரத்துலயே ஆக்சிஜன் இல்லாத தண்ணி நிக்குது.

கேள்வி: விலங்கியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் அண்ணா. சிப்பி, மட்டி எல்லாம் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே, ஆக்சிஜன் குறைஞ்சா உடனே செத்துடுமா? எவ்வளவு நாள் தாங்கும்?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

தம்பி, உடனே சாகாது. அதுதான் இதுல ஆச்சரியம், வேதனையும் அதுலதான் இருக்கு.

வழக்கமா லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு கீழ போனா ஆக்சிஜன் பஞ்சம்னு கணக்கு வெப்பாங்க. ஆனா அந்த கோடு எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. முதல்ல மூச்சு முட்டுறது மீனுக்கும், நண்டு இறாலுக்கும்தான், 2க்கு வர்றதுக்கு முன்னாடியே அதுங்க தவிக்க ஆரம்பிச்சிடும். சிப்பி மட்டி வகைதான் கடைசி வரைக்கும் தாங்கும். எப்படின்னு கேளுங்க.

சிப்பி சாதாரணமா தன் ரெண்டு ஓடுகளையும் லேசா திறந்து வெச்சுக்கிட்டு நாள் பூரா தண்ணிய உள்ள இழுத்து செவுள் வழியா விட்டுக்கிட்டே இருக்கும், சாப்பாடும் மூச்சும் அந்த ஒரே தண்ணியில. ஆக்சிஜன் குறையுதுன்னு தெரிஞ்சா ரெண்டு ஓடுகளையும் இறுக்கி மூடிக்கும். உள்ள இதயத் துடிப்பு குறைஞ்சுடும், உடம்போட மொத்த செலவையும் பத்துல ஒரு பங்குக்கும் கீழ கொண்டு வந்துடும். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே சேமிப்பை எரிக்க ஆரம்பிக்கும், கிளைக்கோஜன்னு நீங்க படிச்சிருப்பீங்களே அதைத்தான். ஆனா ஆக்சிஜன் இருந்தா ஒரு படி மாவுல முப்பது தோசை சுடலாம்னு வெச்சுக்குங்க, ஆக்சிஜன் இல்லாம அதே மாவுல நாலு தேறினா பெரிசு. சேமிப்பு வேகமா கரையும். இந்த வேலையில உள்ள அமிலமும் சேரும், வெளிய விட முடியாது, கதவு மூடியிருக்கு. அந்த அமிலத்தை அடக்க சிப்பி தன் ஓட்டோட உள்பக்க சுண்ணாம்பையே கரைக்குது தம்பி. குடியிருக்கிற வீட்டு சுவத்தை சுரண்டித் தின்னு உயிர் பொழைக்கிற மாதிரி. இதை முதல் தடவை படிச்ச அன்னிக்கு எனக்கு சாப்பாடு இறங்கல.

இப்படியே சில நாள் தாங்கும், தண்ணி குளிர்ச்சியா இருந்தா வாரக் கணக்குல கூட தாங்கும். சூடான தண்ணின்னா கெடு சுருங்கிடும், ஏன்னா சூட்டுல உடம்புக்கு தேவை கூடுது, தண்ணியில இருப்பு குறையுது, ரெண்டு பக்கமும் இடி. மண்ணுக்குள்ள புதைஞ்சு வாழுற மட்டிங்க என்ன பண்ணும்னா, தண்ணி இழுக்கிற குழாயை நீட்டி நீட்டிப் பாத்துட்டு கடைசியில மண்ணை விட்டே மேல ஏறி வந்து படுத்துக்கும், ரெண்டு விரல் உசரத்துல கொஞ்சம் நல்ல தண்ணி கிடைக்காதான்னு. அப்ப அந்தப் பக்கம் நண்டோ மீனோ வந்தா கொத்திட்டுப் போயிடும். ரொம்ப முத்திப் போச்சுன்னா சேத்துல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது வந்தா கதவை மூடினாலும் ரொம்ப நாள் பொழைக்க முடியாது.

சரி, பொழைச்சதுன்னே வெச்சுக்குவோம். ஆக்சிஜன் திரும்ப வருது, சிப்பி ஓட்டைத் திறக்குது, வெளிய இருந்து பாக்கிறவனுக்கு எல்லாம் பழையபடிதான். ஆனா கிளைக்கோஜன் போயிடுச்சு, சிப்பிக் கறிக்கு அந்த இனிப்பையும் கொழுமையையும் குடுக்கிறதே அதுதான். முட்டை, விந்து வைக்க உடம்புல தெம்பு இல்ல. நோயை எதிர்க்கிற ரத்த செல்லுங்க மந்தமாயிடும். அமெரிக்காவுல செசபீக் விரிகுடான்னு ஒண்ணு, சிப்பிக்கு பேர் போன இடம், அங்க ராத்திரியில மட்டும் ஆக்சிஜன் இறங்கி பகல்ல ஏறிடுற கரையோரத்துல பாத்தாங்க, ராத்திரி பஞ்சம் அதிகமா இருந்த இடத்து சிப்பிக்கு டெர்மோங்கிற ஒட்டுண்ணி நோய் அதிகமா வந்துச்சு. பகல்ல போய் தண்ணிய அளந்தவங்களுக்கு அங்க ஒரு குறையும் தெரியாது. குஞ்சுங்க கதை இன்னும் மோசம், சிப்பிக் குஞ்சு ரெண்டு மூணு வாரம் தண்ணியில மிதந்து திரிஞ்சுட்டு கடைசியில அடியில ஒரு கெட்டியான இடம் பாத்து ஒட்டணும், அந்த அடியிலதான் ஆக்சிஜன் இல்ல, அப்ப ஒட்டுறது குறைஞ்சு போகும். தாய் சிப்பி உயிரோடதான் இருக்கும், பக்கத்துல பிள்ளைங்க இருக்காது. அதனாலதான் நான் சொல்றேன் தம்பி, செத்து ஒதுங்கின ஓட்டை மட்டும் எண்ணிட்டு இவ்வளவுதான் சேதம்னு எழுதாதீங்க, உங்க ப்ராஜெக்ட்டுல சதை எடையையும் எழுதுங்க, இந்த வருஷத்து குஞ்சு எத்தனைன்னும் எழுதுங்க.

கேள்வி: சந்தையில கிலோ கணக்குல கடல் நண்டு வாங்கிட்டு வந்தேன், உடைச்சா உள்ள சதையே இல்ல, தண்ணி தண்ணியா ஊத்துது. இதுவும் ஆக்சிஜன் குறைஞ்சதாலதானா?
– இல்லத்தரசி, பாலக்கோடு

இல்லக்கா, இதை அது மேல போட முடியாது. நீங்க வாங்கினது தண்ணி நண்டு. நண்டு வளரணும்னா பழைய ஓட்டை கழட்டிப் போட்டுட்டு புது ஓடு போட்டுக்கும், புது ஓடு பெருசா இருக்கும், உள்ள சதை இன்னும் நிறைஞ்சிருக்காது, அந்த இடத்துல தண்ணிதான் நிக்கும். அடுத்த தடவை வாங்கும்போது வயித்துப் பக்கம் கட்டை விரலால அழுத்திப் பாருங்க, அமுங்கினா வெச்சுடுங்க, ஒரே அளவுல ரெண்டு நண்டு இருந்தா கனமானதை எடுங்க. அமாவாசை நண்டு நல்லது, பௌர்ணமி நண்டு கழிச்சல்னு கடலோரத்துல ஒரு பேச்சு உண்டு, என்னைக் கேட்டா கை அழுத்தத்தை நம்புங்க.

ஆனா ஓடு கழட்டுற நேரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அதை அரூர் அண்ணனுக்கு எழுதின பதில்ல கீழ சொல்லியிருக்கேன், படிங்க.

கேள்வி: ஹோசூர்ல கம்பெனியில வேலை. 2019ல சென்னை போயிருந்தப்ப பீச்சுல அலை நீலமா மின்னுச்சு, பசங்க குதிச்சாங்க. அது ஆபத்துன்னு ஒருத்தர் சொல்றாரு, அழகுன்னு ஒருத்தர் சொல்றாரு, எது சரி?
– ஹோசூர் வாசகர்

ரெண்டும் சரிங்க. அந்த ஆகஸ்ட் மாசம் நீங்க பாத்தது நாக்டிலூகாங்கிற ஒரு செல் உயிர், கடல்ல கோடிக்கணக்குல பெருகி, அலை அடிக்கிறப்ப ஒளி விடும். அதே 2019ல செப்டம்பர் வாக்குல பாம்பன், மண்டபம் பக்கம் மன்னார் வளைகுடாவுல இதே உயிர் பெருகி கடலே பச்சையா மாறிச்சு, அந்தப் பக்கத்து ஆளுங்க பூங்கோரைன்னு சொல்லுவாங்க. பெருகினது மொத்தமும் சாகணும் இல்லையா, செத்தது மக்கும்போது பாக்டீரியா தண்ணியில இருந்த ஆக்சிஜனை எல்லாம் இழுத்துடுச்சு. மீன் செத்து ஒதுங்குச்சு. அங்க இருக்கிற தீவுகள் பக்கத்துல ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழ இறங்கி, பவளப்பாறையில வேகமா வளர்ற கிளைப் பவளங்கள் கூட கூட்டமா செத்துப் போச்சு. பவளம் எப்படி நகர முடியாதோ அப்படித்தான் அந்தப் பாறையில ஒட்டியிருக்கிற சிப்பியும். முத்துக்குளிச்சு பேர் வாங்கின கடல் அது. பசங்க பாத்து சந்தோஷப்பட்டதுல ஒரு தப்பும் இல்லைங்க, அடுத்த தடவை மின்னுச்சுன்னா அடுத்த வாரம் அந்தத் தண்ணிக்கு என்ன ஆச்சுன்னும் அவங்களோட சேந்து விசாரிச்சுப் பாருங்க.

கேள்வி: நாங்க தக்காளி, கத்திரி போடறவங்க. யூரியா போடறதாலதான் கடல் கெடுதுன்னு டிவியில சொல்றாங்க. கடல் எங்க இருக்கு, எங்க காடு எங்க இருக்கு? விவசாயி தலையிலயே எல்லாத்தையும் கட்டுறது நியாயமா?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

உங்க கோவம் எனக்கு புரியுதுங்கண்ணா, எங்கப்பாவும் காட்டுல நின்னவருதான். விவசாயி தலையில மட்டும் கட்டுறது நியாயம் இல்ல, முழுசா சொல்றேன்.

உங்க ஊர் வழியா ஓடுற தென்பெண்ணை எங்கிருந்து வருது? கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, பெங்களூரு ஓரத்துக் கழிவு தண்ணியும் சேந்து, கெலவரப்பள்ளிக்கு வரும்போதே நுரை பொங்கிக்கிட்டு வருது. அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில கடலூர் பக்கம் வங்கக்கடல். அணைத் தண்ணி சில மாசம் பெயிண்ட் கொட்டின மாதிரி பச்சையா நிக்கிறதை நீங்க என்னைவிட அதிகம் பாத்திருப்பீங்க. தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணிக்குள்ள போனா பாசிக்கு அது உரம். பயிருக்குப் போட்டா பயிர் வளருது, ஏரிக்குப் போட்டா பாசி வளருது, அவ்வளவுதான். பாசி செத்து அடியில படியும், மக்க வைக்கிற பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னும், ஒரு நாள் விடியக்காலம் பாத்தா மீன் எல்லாம் வெள்ளை வெள்ளையா மிதக்கும். நம்ம பக்கத்து ஏரிங்கள்ல இது நடந்தா யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னுதான் முதல்ல பேசுவாங்க, பல தடவை மருந்து இல்ல, மூச்சுதான்.

இதே கதை பெருசா நடக்கிற இடம் அமெரிக்காவுல மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவுல சேருற இடம். நாட்டோட நடுவுல இருக்கிற மக்காச்சோளக் காட்டு உரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆத்துல போய் கடல்ல விழுந்து, வருஷா வருஷம் கோடையில கடலடியில ஆக்சிஜன் இல்லாத ஒரு பரப்பு உண்டாகுது. 2017ல அது 22,700 சதுர கிலோமீட்டர். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டையும் சேத்தாலே பத்தாயிரத்துக்கு கொஞ்சம் கம்மிதான், அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. அங்க இருக்கிற விவசாயியும் உங்களை மாதிரிதான் கேட்டிருப்பான், கடல் எங்க, எங்க காடு எங்கன்னு.

உங்க தோட்டத்து யூரியாதான் கடலூர் மட்டியைக் கொன்னுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், நடுவுல எத்தனையோ அணை, எத்தனையோ ஊர் சாக்கடை. ஆனா போட்ட உரத்துல பயிர் எடுக்காதது உங்க காசுதானே அண்ணா. ஒரே தடவையா கொட்டாம பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்க, மழை வர்ற மாதிரி இருந்தா அன்னிக்கு போடாதீங்க, சொட்டுநீர்ல கரைச்சு விட வசதி இருந்தா அது இன்னும் மேல், மண் பரிசோதனை பண்ணிட்டு தேவையானதை மட்டும் போடுங்க. கடலை நினைச்சு பண்ண வேண்டாம், மூட்டை விலையை நினைச்சுப் பண்ணுங்க, கடலுக்கும் அது போய்ச் சேரும்.

கேள்வி: இறால் விலை ஏறுறதுக்கும் இந்த ஆக்சிஜன் விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டா? நீங்க பண்ணையில இருந்தேன்னு சொல்றீங்க, நேர்ல பாத்தது ஏதாவது இருந்தா எழுதுங்க.
– ஓட்டல் நடத்துபவர், அரூர்

எழுதுறேண்ணா. பண்ணையில வனாமி இறால் குளத்துக்கு டிஓ, அதான் கரைஞ்ச ஆக்சிஜன், 4க்கு கீழ போகாம பாத்துக்கணும், அதுக்குத்தான் ராத்திரி பூரா ஏரேட்டர், அதாவது தண்ணியை அடிச்சு காத்தைக் கலக்குற மிஷின், ஓடும். பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும், அதனால விடியறதுக்கு முன்னாடி மூணு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் உயிர் போற நேரம். ஒரு ஐப்பசியில மூணு நாள் வெயிலே இல்ல, அடைச்ச வானம். குளத்துல பாசி மொத்தமா செத்து தண்ணி நிறம் மாறிடுச்சு. அன்னிக்குன்னு ராத்திரி ரெண்டரைக்கு கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் பேட்டரி உக்காந்துடுச்சு. நான் டார்ச் எடுத்துக்கிட்டு மேட்டுல ஓடறேன், கரை ஓரம் பூரா செக்கச்செவேல்னு கண்ணு, ஆயிரக்கணக்குல. இறால் கண்ணு வெளிச்சம் பட்டா நெருப்புத் துண்டு மாதிரி மின்னும். எல்லாம் அடியை விட்டு மேல வந்து கரையோரம் முட்டிக்கிட்டு நிக்குது. மீட்டரை விட்டேன், 1.6. குளத்துல இறங்கி கையால தண்ணியை அடிச்சோம், நாலு பேரும் அழுதுக்கிட்டே அடிச்சோம். நாப்பது நிமிஷம் கழிச்சு ஜெனரேட்டர் எழுந்துச்சு.

விடிஞ்சு வலை விட்டா, அடியில செத்துக் கிடந்ததுல முக்கால்வாசி அன்னிக்கு ராத்திரி ஓடு கழட்டினது. தொட்டா பஞ்சு மாதிரி. ஓடு மாத்துற நேரத்துல இறாலுக்கும் நண்டுக்கும் ஆக்சிஜன் ரொம்ப அதிகமா வேணும், அந்த நேரத்துல பஞ்சம் வந்தா அதுதான் முதல்ல போகும். பாலக்கோட்டு அக்காவுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சம் இருந்தது பொழைச்சுச்சுன்னு முதலாளி நிம்மதி ஆனாரு. ஆனா அது தீனியை சரியா எடுக்கல, தீனி எடுக்குதான்னு பாக்க வைக்கிற செக் ட்ரேயில போட்டது போட்டபடி இருந்துச்சு, கிலோவுக்கு 40 இறால் நிக்க வேண்டியது அறுவடையில 60 நின்னுச்சு, அவ்வளவு சின்னது. செத்ததுல போன காசை விட இளைச்சதுல போன காசு அதிகம்.

கடல்லயும் இதே கணக்குதான். மெக்சிகோ வளைகுடாவுல ஆக்சிஜன் இல்லாத பரப்பு பெருசான மாசங்கள்ல சின்ன இறாலோட ஒப்பிட்டா பெரிய இறால் விலை ஏறுதுன்னு ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க, ஏன்னா பெருசா வளர்றது குறைஞ்சு போகுது. நம்ம ஊர் விலைக்கு எக்ஸ்போர்ட், டீசல், தீனி விலைன்னு வேற பல காரணம் இருக்கு, அதனால உங்க ஓட்டல் பில்லை இதுல சேக்காதீங்க.

ஓடத் தெரிஞ்சதும் எப்பவும் தப்பிச்சுடாது, அதையும் இங்கயே சொல்லிடறேன். தென்னாப்பிரிக்காவுல எலாண்ட்ஸ் பேங்கிற இடத்துல 1997ல ஆக்சிஜன் இல்லாத தண்ணி கரைப் பக்கம் தள்ள, சிங்கி இறால் எல்லாம் கரையோரம் வந்து குவிஞ்சு, அலை வாங்கினதும் மணல்ல மாட்டி, சுமார் 2000 டன் செத்துப் போச்சு. அமெரிக்காவுல ஒரிகன் கரையில 2002ல மீனவங்க கூண்டைத் தூக்கினா நண்டு எல்லாம் உள்ளயே செத்துக் கிடந்துச்சு, கூண்டுக்குள்ள இருந்ததால ஓட முடியல. அந்தக் கூண்டைப் பத்தி படிக்கும்போது எனக்கு எங்க குளத்துக் கரைதான் ஞாபகம் வந்துச்சு.

கேள்வி: கடலுக்குப் போற இடத்துல மட்டி வாங்கி சமைக்கிறது உண்டு. ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணியில வளந்த மட்டி சாப்பிட்டா உடம்புக்கு கெடுதலா?
– பென்னாகரம் வாசகி

ஆக்சிஜன் குறைஞ்சதுனால மட்டும் மட்டி விஷம் ஆகாதும்மா. ஆனா செத்த மட்டி வேண்டாம். சமைக்கிறதுக்கு முன்னாடி வாய் பிளந்து கிடக்கிறதை தட்டிப் பாருங்க, மூடலைன்னா தூக்கிப் போடுங்க. பயப்பட வேண்டியது வேற ஒண்ணு, சில வகை பாசி பெருகுற நேரத்துல அந்த நஞ்சு மட்டி சதையில சேந்துக்கும், எவ்வளவு வேக வெச்சாலும் போகாது. 1981ல கல்பாக்கம் பக்கத்துல வயலூர்ல அப்படி மட்டி சாப்பிட்டு 3 பேர் செத்துப் போனாங்க, எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. கடல் தண்ணி நிறம் மாறியிருக்குன்னு மீனவங்க சொன்னா அந்த வாரம் மட்டி வாங்காதீங்க.

கேள்வி: குளத்துக்கு ஏரேட்டர் போடற மாதிரி கடலுக்கும் போட முடியாதா? இதுக்கு விடிவே இல்லையா?
– ஊத்தங்கரை வாசகர்

கடலுக்கு ஏரேட்டர் கட்டுப்படி ஆகாதுங்க, எங்க அரை ஹெக்டேர் குளத்துக்கே கரண்ட் பில் கண்ணைக் கட்டும். சூடாகிறதால குறையறதை சீக்கிரம் திருப்ப முடியாது, பூமியைச் சூடாக்குற புகையைக் குறைச்சா மட்டும்தான். ஆனா உரத்தாலயும் சாக்கடையாலயும் குறையறதைத் திருப்பலாம், நடந்தே இருக்கு. கருங்கடல்ல டான்யூப் ஆறு சேருற வடமேற்குப் பக்கம் 1980கள்ல சுமார் 40,000 சதுர கிலோமீட்டர் வரைக்கும் அடித் தண்ணி செத்துக் கிடந்துச்சு. 1990 வாக்குல அந்தப் பக்கத்து கம்யூனிஸ்ட் அரசுங்க கவிழ்ந்து உர மானியம் நின்னு போச்சு, யாரும் கடலை நினைச்சு செய்யல, விவசாயி கையில காசு இல்லாததால உரம் குறைஞ்சுது. சில வருஷத்துலயே அந்தப் பரப்பு பெரும்பாலும் மறைஞ்சு போச்சு. ஆக்சிஜன் முதல்ல வந்துச்சு, கடலடி உயிருங்க முழுசா திரும்புறதுக்கு அதைவிட ரொம்ப காலம் புடிச்சுது. விவசாயி வயித்துல அடிச்சு அப்படி நடக்க வேண்டாம்னுதான் நான் சொல்றேன், தெரிஞ்சு, திட்டம் போட்டு குறைக்கலாம்.

கேள்வி: மாமா, சிப்பிக்கு மூச்சு முட்டினா வலிக்குமா? அதுக்கு ரத்தம் இருக்கா? எங்க ஏரியில நத்தை இருக்கு, அதுக்கும் இப்படி ஆகுமா?
– ஆறாம் வகுப்பு, தேன்கனிக்கோட்டை

ரத்தம் இருக்குடா கண்ணு, ஆனா பெரும்பாலான சிப்பிக்கு நிறமே இல்லாத ரத்தம். நண்டுக்கும் இறாலுக்கும் ரத்தத்துல இரும்புக்கு பதிலா செம்பு, ஆக்சிஜன் சேந்தா லேசா நீலமா இருக்கும். மட்டியில சில வகைக்கு நம்மள மாதிரியே சிவப்பு ரத்தம், அதுங்க ஆக்சிஜன் கம்மியான சேத்துல வாழ்றதுக்கு அந்த சிவப்பு உதவுது. வலிக்குமான்னு கேட்டியே, சிப்பிக்கு நம்ம மாதிரி மூளை கிடையாது, ஆனா தண்ணி சரியில்லைன்னு அதுக்கு தெரியும், தெரிஞ்சதாலதான் கதவை மூடுது.

உங்க ஏரி நத்தை கதை வேற. பெருசா உருண்டையா இருக்குமே, அந்த நத்தைக்கு ஒரு பக்கம் செவுளும் இருக்கு, நுரையீரல் மாதிரி ஒரு பையும் இருக்கு. தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா அது மெதுவா மேல ஏறி வந்து, ஒரு சின்ன குழாயை தண்ணிக்கு வெளிய நீட்டி, தலையை உள்ள வெளியன்னு அசைச்சு அசைச்சு காத்தை இழுக்கும். கடல்ல அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற சிப்பிக்கு அந்தக் குழாய் கிடையாது. தாத்தாவைக் கூட்டிக்கிட்டு விடியக்காலம் ஏரிக்கு போ, தனியா போகாத, கரையில நின்னே எத்தனை நத்தை மேல வந்து மூச்சு விடுதுன்னு எண்ணு, அதே நாள் சாயங்காலம் திரும்ப எண்ணு. ரெண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு, ஏன் வித்தியாசம் வந்துச்சுன்னு நீயே யோசிச்சு ஒரு வரி சேத்து எழுது.